நுரையீரலின் வெண்கோடுகள்

கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி, வயிறு குழிய மூச்சிழுக்கும் நாயை எக்ஸ்ரே மேசையில் ஒருக்களித்துக் கிடத்துவது ஆபத்தானது. அமுக்கிப் பிடித்தால் பதற்றம் ஏறும். மேசையிலேயே உயிர் போய்விடலாம். அல்ட்ராசவுண்ட் சோதனைக்கு அந்தத் தொல்லை இல்லை. நாய் நின்றபடியோ குப்புறப் படுத்தபடியோ இருக்கலாம். மூக்கருகே ஆக்சிஜன் குழாயும் இருக்கலாம். முடியை மழிக்க வேண்டியதில்லை, ஸ்பிரிட் தடவி விலக்கினால் போதும். மல்லாத்தி மட்டும் படுக்கவைக்கக் கூடாது.

காற்று நிறைந்த நுரையீரலை ஒலியலையால் பார்க்க முடியாது என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினர். மனித மருத்துவத்தில் அதை மாற்றியவர்களில் முதன்மையானவர் பிரான்சின் டேனியல் லிக்டன்ஸ்டைன். அவருடைய ‘ப்ளூ’ முறை 2008-இல் வெளியானது. அதே ஆண்டு அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கிரிகரி லிசியாண்ட்ரோ குழுவினர், அடிபட்ட 145 நாய்களின் மார்பை ஸ்கேன் செய்த ஆய்வை வெளியிட்டனர். நுரையீரலுக்கென லிசியாண்ட்ரோ பின்னர் வகுத்த ‘வெட் ப்ளூ’ முறையில் பக்கத்துக்கு 4 இடங்கள் பார்க்கப்படுகின்றன.

திரையில் இரண்டு விலா எலும்புகளின் நிழல். நடுவே ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் நுரையீரலின் விளிம்பு. ஒவ்வொரு மூச்சுக்கும் அது முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். வழுக்காவிட்டால் நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிந்திருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். மூச்சு மிகவும் வேகமாக இருக்கும்போது இதைக் கணிப்பது அனுபவசாலிக்கும் கடினம்.

விளிம்பிலிருந்து திரையின் அடிவரை பாயும் வெண்கோடுகள் ‘பி கோடுகள்’. நுரையீரலில் நீர் கோத்திருப்பதன் அடையாளம் அவை. இரு பக்கமும் பல இடங்களில் அவை நெருக்கமாகத் தெரிந்து, இதயத்தின் இடது மேலறையும் வீங்கியிருந்தால், இதயச் செயலிழப்பே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலறையின் அகலத்தை மகாதமனியின் அகலத்தோடு ஒப்பிடுவார்கள், 1.6 மடங்கை எட்டினால் வீக்கம். மைட்ரல் வால்வு தேய்ந்த வயதான சிறு நாய்களில் இது அடிக்கடி காணும் காட்சி. கோடுகள் மார்பின் முன்-கீழ்ப் பகுதியில் மட்டும் இருந்தால் நிமோனியா பக்கம் எண்ணம் திரும்பும்.

நுரையீரலைச் சுற்றிக் கருமையாகத் தெரிவது தேங்கிய நீர். ஊசியால் வடித்தால் நாய் உடனே சற்று ஆசுவாசமடையும். அதே கருமை இதய உறைக்குள் தேங்கி இதயத்தை நெரிக்கும்போது, நீர் பிரிக்கும் ஃபுரோசமைடு ஊசி கேடு செய்யும். இந்த இரு தேக்கங்களையும் பிரித்தறிவதே இச்சோதனையின் பெரிய உதவி எனலாம்.

எல்லா இடமும் சுத்தமாக இருந்தால் தொண்டையைப் பார்க்க வேண்டும்: பக் போன்ற சப்பை மூக்கு இனங்களின் மூச்சுப்பாதை அடைப்பு, வயதான லாப்ரடாரின் குரல்வளை வாதம். விளிம்பைத் தொடாமல் ஆழத்தில் இருக்கும் கட்டி ஸ்கேனில் சிக்காது. அதற்கு எக்ஸ்ரேதான் வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ள நாய்க்கு ஃபுரோசமைடு கொடுத்தபின் அதே இடங்களை மறுபடி பார்த்து, கோடுகள் குறைந்து மூச்சும் தணிந்தபின் எக்ஸ்ரே படத்தை எடுக்கலாம்.