லூவர் மாளிகையில் அத்தை கேட்ட கேள்விகள்

"நீங்கள் போய் வாருங்கள், தம்பி. நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். படமும் சிலையும் படித்தவர்கள் பார்க்கிற சமாசாரம். எனக்கு என்ன தெரியும்?"

பாரீஸ் நகரத்தில், லூவர் கலைக்கூடத்தின் வாசலில் நின்றுகொண்டு அத்தை இப்படிச் சொன்னார். உலகத்திலேயே மிகப் பெரிய கலைக்கூடம் அது. 2024-ம் ஆண்டு மே மாதம், ஒரு வியாழக்கிழமை காலை நேரம்.

இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, எங்கள் நாலு பேரில் அதிகமாகப் பார்த்தவர் யார் தெரியுமா? அந்த அத்தைதான்!

அத்தை யார்?

அத்தை என்றால் என் அக்காளின் மாமியார். வயது 68. ஊர் புதுச்சேரி.

புதுவை இந்தியாவோடு சட்டப்படி சேர்ந்தது 1962-ம் ஆண்டில். அப்போது "எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும்" என்று எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. அத்தையின் மாமனாரும் அப்படி எழுதிக் கொடுத்தார். அந்தக் குடும்பம் இன்று பாரீசில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அத்தை பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. அறுபது வயது வரையில் கைநாட்டுத்தான். பாரீசுக்கு வந்த பிறகு, பேத்தி தமிழ் வகுப்பில் கற்றுக்கொண்டு வந்த அனா, ஆவன்னாவைப் பாட்டிக்கும் சொல்லிக் கொடுத்தாள். இப்போது எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனாலும், "நான் ஒரு தற்குறி" என்ற கூச்சம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

73 நாள் வேண்டும்!

லூவரில் ஜனங்கள் பார்ப்பதற்கு வைத்திருக்கும் பொருள்கள் சுமார் 35,000. ஒன்றுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் எட்டு மணி நேரம் பார்த்தாலும், முடிப்பதற்கு 73 நாள் ஆகும்!

அதனால் அக்காள் ஓர் ஏற்பாடு செய்தாள். எங்களுக்கு என்று தனியாக ஒரு வழிகாட்டி! பிரான்சு நாட்டில் கலைக்கூடங்களுக்குள் இந்தத் தொழில் செய்ய அரசாங்கம் கொடுக்கும் அட்டை வேண்டும். அதற்கென்று படித்துத் தேறியவர்களுக்கே அட்டை கிடைக்கும். கட்டணம் கொஞ்சம் அதிகம்தான். அக்காள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்.

வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். கழுத்தில் அட்டை தொங்கியது. அவர் பிரெஞ்சில் சொல்ல, அக்காள் மகள் தமிழில் சொன்னாள்.

வாசலில் அத்தை தயங்கியதை அந்த அம்மையார் கவனித்துவிட்டார். "பாட்டி என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். பேத்தி விஷயத்தைச் சொன்னாள்.

அம்மையார் அத்தையின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது ராஜாக்களின் அரண்மனை. இங்கே இருந்த படங்களும் ராஜாவின் சொத்து. பிரெஞ்சு மக்கள் புரட்சி செய்தார்கள். 1793-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி இது பொதுஜனங்களின் கலைக்கூடம் ஆயிற்று. அன்றைக்கு உள்ளே வந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். நீங்களும் வாருங்கள். நாம் 35,000 பொருளைப் பார்க்கப் போவதில்லை. ஐந்தே ஐந்துதான். ஆனால் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும்!"

அத்தை எழுந்துவிட்டார்.

கல்லில் ஒரு வெற்றிலை

முற்றத்தின் நடுவே 21 மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பிரமிடு நிற்கிறது. 1989-ம் ஆண்டில் திறந்தார்கள். அதன் வழியாக இறங்கினோம்.

அம்மையார் எங்களை முதலில் கூட்டிப் போன இடம் அடித்தளம். அங்கே படமும் இல்லை, சிலையும் இல்லை. பெரிய பெரிய கருங்கல் போன்ற சுவர்கள்! 12-ம் நூற்றாண்டின் கடைசியில் பிலிப் அகஸ்து என்ற ராஜா கட்டிய கோட்டையின் அடிச்சுவர்கள் அவை. கோட்டை இருந்த இடத்தில் பிறகு அரண்மனை வந்தது. பழைய சுவர் மண்ணுக்குள் மறைந்தது. 1980-களில் தோண்டி வெளியே கொண்டு வந்தார்கள்.

"யாரது, கல்லில் வெற்றிலை கீறி வைத்திருக்கிறார்கள்?" என்று அத்தை கேட்டார்.

பார்த்தால், ஒரு கல்லில் இதயம் போன்ற ஒரு வடிவம். அத்தைக்கு அது வெற்றிலை!

அம்மையாருக்கு ஒரே மகிழ்ச்சி. "நல்ல கண்! அது கல்தச்சர் வைத்த அடையாளம். ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. யார் செதுக்கிய கல் என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்" என்றார்.

பேத்தி இதைத் தமிழில் சொன்னதும் அத்தை சிரித்துவிட்டார். "அப்படியானால் அவனும் என்னைப் போலத் தற்குறிதான்!"

தற்குறி என்ற சொல்லுக்கு அதுதானே அர்த்தம்? கையெழுத்துப் போடத் தெரியாதவர் வைக்கும் அடையாளம். 800 வருஷமாக அழியாத தற்குறி அது!

தலை இல்லாத தேவதை

அடுத்தது, அகலமான ஒரு மாடிப்படி. அதன் உச்சியில், கப்பலின் முனையில் வந்து இறங்குவது போல ஒரு சிறகு முளைத்த பெண். கிரேக்கர்களின் வெற்றித் தேவதை. சுமார் 2,200 வருஷத்துக்கு முந்தைய பளிங்குச் சிலை. 1863-ம் ஆண்டில் சமோத்ராஸ் என்ற தீவில் துண்டு துண்டாகக் கிடைத்தது. அவற்றைப் பொருத்தி நிறுத்தினார்கள். தலையும் கைகளும் இல்லை.

"என்ன தெரிகிறது?" என்று அம்மையார் கேட்டார்.

நான் சரித்திரம் பேச வாயெடுத்தேன். அதற்குள் அத்தை சொல்லிவிட்டார்: "காற்று அடிக்கிறது. புடவை நனைந்து உடம்போடு ஒட்டுகிறது."

கல்லில் காற்று! நான் புத்தகத்தில் படித்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகவில்லை.

மோனாலிசாவும் கல்யாணப் பந்தியும்

அதற்குப் பிறகு மோனாலிசா. அந்த அறையில் திருவிழாக் கூட்டம்! லியனார்டோ டாவின்சி பலகையில் தீட்டிய படம். இரண்டரை அடி உயரம், ஒன்றே முக்கால் அடி அகலம். அவ்வளவுதான். கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

பத்திரத்துக்குக் காரணம் உண்டு. 1911-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி, வின்சென்சோ பெருஜியா என்ற இத்தாலியத் தொழிலாளி இந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போய்விட்டான். இரண்டு வருஷம் கழித்து, 1913 டிசம்பரில், இத்தாலியில் அகப்பட்டது. இடையில், படம் இருந்த வெறும் சுவரைப் பார்க்க ஜனங்கள் திரண்டு வந்தார்களாம்!

திருடர் பயம் இன்றும் தீரவில்லை. நாங்கள் போய் வந்த மறு வருஷம், 2025 அக்டோபர் 19-ந் தேதி, பட்டப்பகலில், இதே மாளிகையின் வேறொரு கூடத்தில் புகுந்து பழைய அரச குடும்பத்து நகைகளைக் கொள்ளையிட்டார்கள்.

எல்லோரும் மோனாலிசாவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே 22 அடி உயரம், 32 அடிக்கு மேல் அகலம் உள்ள ஒரு படம்! ஒரு கல்யாண விருந்து. ஏறக்குறைய 130 பேர் அதில் இருக்கிறார்கள். வெரோனேசே என்ற ஓவியர் வெனிஸ் நகரத்து மடம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்துக்காக 1562, 1563-ம் ஆண்டுகளில் எழுதியது.

"கல்யாண வீடு என்கிறீர்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே?"

அம்மையார் இடது ஓரத்தைக் காட்டினார். நடுவில் ஏசுநாதர் இருக்கிறார். விருந்தின் நடுவில் திராட்சை ரசம் தீர்ந்துபோயிற்று. அவர் தண்ணீரைத் திராட்சை ரசமாக மாற்றினார் என்பது பைபிள் கதை.

"பந்தி நடுவில் பற்றாமல் போவதா! பெண் வீட்டாருக்கு உயிரே போயிருக்குமே!" என்று அத்தை பதறினார். தம் பெண்கள் கல்யாணத்தில் அடுக்களைப் பொறுப்பைப் பார்த்தவர் அல்லவா?

பிறகு அவர் கேட்டது: "வெனிஸ் ஊர்ச் சாப்பாட்டுக் கூடத்துப் படம் இங்கே எப்படி வந்தது?"

அம்மையார் மழுப்பவில்லை. "1797-ம் ஆண்டில் நெப்போலியனின் படை எடுத்துக்கொண்டு வந்தது. அவன் தோற்ற பிறகு, 1815-ல், பல படங்கள் திரும்பிப் போயின. இது போகவில்லை. பதிலுக்கு வேறு படம் கொடுத்தார்கள். 2007-ம் ஆண்டில், இதைப் போலவே அச்சாக ஒரு நகல் செய்து அந்தக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்."

"நகல் அங்கே, அசல் இங்கேயா?" என்றார் அத்தை. அம்மையார் தலையை மட்டும் ஆட்டினார்.

சட்டம் எழுதிய கல்

ஐந்தாவது பொருள், ஏழடிக்கு மேல் உயரமான ஒரு கறுப்புக் கல். பாபிலோன் தேசத்து ராஜா ஹமுராபி, சுமார் 3,750 வருஷத்துக்கு முன்னால் தன் சட்டங்களை வெட்டி வைத்த கல்! உச்சியில் நீதிக்கு அதிபதியான சூரிய தேவன் உட்கார்ந்திருக்கிறான். எதிரே ராஜா நிற்கிறான். கீழே, ஆப்பு ஆப்பாகப் பொடி எழுத்துக்கள்.

இந்தக் கல்லையும் ஒரு ராஜா பாபிலோன் தேசத்திலிருந்து கொள்ளையாகத் தூக்கிப் போனான். இன்றைய ஈரானில் உள்ள சூசா என்ற ஊருக்கு. அங்கேதான் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 1901-ம் ஆண்டு வாக்கில் தோண்டி எடுத்தார்கள்.

"ராஜாவுக்கு ராஜா இதே வேலைதானா!" என்றார் அத்தை.

மொத்தம் 282 சட்டம் என்று அறிஞர்கள் எண்ணியிருக்கிறார்கள். கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால், கட்டிய கொத்தனுக்கு மரண தண்டனை! பெரிய மனிதனின் கண்ணைக் கெடுத்தால், கெடுத்தவன் கண் போகும். சாமானியன் கண் என்றால் வெள்ளி கொடுத்தால் போதும்.

அத்தை எழுத்தையே உற்றுப் பார்த்தார். "இதை அந்த ஊர் ஜனங்கள் படித்தார்களா?"

"இல்லை. படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் கொஞ்சம்" என்றார் அம்மையார். "ஆனால் ராஜாவே கல்லின் முடிவில் ஒன்று சொல்லியிருக்கிறான். அநியாயம் நேர்ந்தவன் எவனும் இந்தக் கல்லின் முன்னால் வரலாம். எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். தன் வழக்கைத் தெரிந்துகொண்டு மனம் ஆறலாம் என்கிறான்."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நல்ல ராஜாதான். ஆனால், வாசிக்கிறவன் உள்ளபடி வாசிக்க வேண்டுமே, தம்பி!" என்றார்.

பிறகு அவர் சொன்னது எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாத விஷயம். நாற்பது வருஷத்துக்கு முன்பு, ஊரில் பங்காளி ஒருவர் ஒரு பத்திரத்தைக் கொண்டு வந்தார். அவரே வாசித்துக் காட்டினார். அத்தை கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார். வாசித்தது ஒன்று, எழுதியிருந்தது வேறொன்று. மாமாவின் மனையில் பாதி அன்றோடு போயிற்று.

"உங்கள் மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை."

பேத்திக்குத் தமிழிலிருந்து பிரெஞ்சுக்குத் திருப்பச் சற்று நேரம் ஆயிற்று. கேட்டு முடித்ததும் அம்மையார் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் இரண்டு மணி நேரம் முடிந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

போகிறவர்கள் கவனிக்க

லூவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நாங்கள் போன 2024-ல் நுழைவுக் கட்டணம் 22 யூரோ. 2026 ஜனவரி முதல், ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ. நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது. வழிகாட்டி வைத்தால் அட்டை உண்டா என்று கேளுங்கள். வழிகாட்டி இல்லாமல் போனாலும் மோசமில்லை. ஐந்து பொருளைத் தேர்ந்தெடுத்து நிதானமாகப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. "எனக்கு என்ன தெரியும்?" என்று யாரும் வாசலில் உட்கார்ந்துவிடாதீர்கள்!

திரும்பும் வழியில்

வீட்டுக்குத் திரும்பும் வழியில் லா சப்பல் என்ற இடத்தில் இறங்கினோம். பாரீசில் தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதி அது. பெரும்பாலும் இலங்கைத் தமிழர்களின் கடைகள். ஒரு கடையின் மேலே தமிழில் பலகை இருந்தது. அத்தை நின்று அண்ணாந்து பார்த்தார்.

அவருக்கு உதவலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"இரு, தம்பி. நானே வாசிக்கிறேன்" என்றார் அத்தை.

ம, ளி, கை என்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார். நாங்கள் மூன்று பேரும் தெருவோரத்தில் காத்து நின்றோம்.