கையேட்டில் இல்லாத பழுது

1980-களில் அமெரிக்காவில் நடந்தது. நகல் இயந்திரம் தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் டெக்னீஷியன்களோடு ஒரு மானிடவியலாளர் கூடவே சுற்றினார். இயந்திரம் காட்டும் பிழை எண்ணைக் கையேட்டில் பார், அது சொல்வதைச் செய்: நிர்வாகம் எழுதிக்கொடுத்த வேலைமுறை இவ்வளவுதான். ஒரு நாள், இயந்திரம் காட்டிய எண்ணே தப்பு. கையேடு கைவிரித்துவிட்டது. டெக்னீஷியன் இன்னொரு அனுபவசாலியை வரவழைத்தார். இருவரும் இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பதும், எப்போதோ எங்கோ பார்த்த பழுதுகளைக் கதை கதையாகப் பேசுவதுமாக மணிக்கணக்கில் கிடந்தார்கள். ஒருவர் கதையில் இருந்த துண்டும் மற்றவர் கதையில் இருந்த துண்டும் பொருந்தியபோது பழுது அகப்பட்டது. பிறகு அதுவும் ஒரு கதையாகி மற்றவர்களிடம் போனது.

காலைச் சிற்றுண்டி மேசைதான் அவர்களுக்கு வகுப்பறை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வெட்டி அரட்டை.

1990-களில் அதே நிறுவனம் இந்தக் கைவைத்தியங்களைக் கணினியில் சேர்க்கத் தொடங்கியது. ஒருவர் எழுதும் குறிப்பைச் சக டெக்னீஷியன்களே சோதித்து ஒப்புக்கொண்டால்தான் அது ஏறும். குறிப்புக்குக் காசு தரலாமா என்ற பேச்சு வந்தது. காசு வேண்டாம், எழுதியவர் பெயரைப் போடுங்கள் என்றார்கள் டெக்னீஷியன்கள்.

இந்த இடத்தைத்தான் இன்றைய மனிதவளத் துறைகள் படிக்காமல் தாண்டிவிட்டன. இப்போது ‘சக ஊழியர் கற்றல்’ என்று ஒரு செயலி. பதில் போட்டால் புள்ளி, பேட்ஜ், தரவரிசை. அந்தப் புள்ளி அப்ரைசலிலும் எட்டிப் பார்க்கலாம். புள்ளி என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? பழைய பதிலையே வெட்டி ஒட்டுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. கேட்பவர் பெயரும் அல்லவா பதிவாகிறது? ‘இதுகூடத் தெரியாதா’ என்று மேலாளர் நினைத்துவிட்டால்? பக்கத்து சீட் சீனியரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டதற்கு எந்தப் பதிவும் கிடையாது. 2020-ல் வீட்டிலிருந்தே வேலையில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்து சீட்டும் கிடைக்கவில்லை.

பத்து நாடுகளில் ஆள் வைத்திருக்கும் நிறுவனம் செயலி இல்லாமல் என்ன செய்யும் என்பார்கள். செயலி இருக்கட்டும், மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள்.

டீம் லீடாக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து டீக்குக் கிளம்பினால், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.