மூணே முக்கால் வட்டி

கம்பம் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடை அது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் விடியற்காலையிலேயே மலையேறிவிடும். அதன் பிறகு பெஞ்சில் இடம் கிடைக்கும், நிதானமாகப் பேசவும் முடியும். போன வாரம் அங்கே உரக்கடையில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர் கிரெடிட் கார்டு பில்லை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, நான் ஏ.டி.எம். பக்கமே போகலை. ரொக்கம் எடுத்த கட்டணம் ஐந்நூறு ரூபாய்னு போட்டிருக்கு. தப்பா வந்திருச்சா?"

தப்பில்லை. மேலே இருந்த வரியைக் காட்டினேன். ஏதோ வெளிநாட்டு வாலட்டின் பெயர், 20,000 ரூபாய். கிரிக்கெட் பந்தயத் தளம் ஒன்றில் ஆட அதில் ஏற்றிய பணம். குரலைத் தாழ்த்தி அவரே ஒப்புக்கொண்டார். பொருள் வாங்குவதுபோல கார்டு எண்ணைத் தட்டினோம், அதை எப்படி ரொக்கம் என்கிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. கம்பம் பள்ளத்தாக்கில் இன்னும் பல வீடுகளில் இதே கேள்வி இருக்கும் என்பதால் அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

கார்டு வாங்கும் ஒவ்வொரு கடைக்கும் நாலு இலக்கத்தில் ஒரு எண் உண்டு. மளிகைக் கடைக்கு 5411, பெட்ரோல் பங்குக்கு 5541. பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்கும் 7995. காசுக்கு ஈடான சரக்கை விற்பவருக்கு 6051. பங்கில் கார்டு கொடுத்தால் ஒரு சதவீதம் கூடுதலாகப் பிடிப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த இடம் பங்கு என்று வங்கிக்குச் சொல்வது இந்த எண்தான். மளிகை வாங்கினால் வீட்டில் அரிசி இருக்கும். பந்தயத்திலோ அதற்கான வாலட்டிலோ போட்டது அடுத்த நிமிடமே காசாகத் திரும்பலாம், காணாமலும் போகலாம். ஆகவே உலகெங்கும் பல வங்கிகள் அதை ஏ.டி.எம்.மில் எடுத்த ரொக்கத்தோடு சேர்த்துவிடுகின்றன.

அப்படிச் சேர்ந்த உடனே கணக்கு மாறிவிடுகிறது. சாதாரணச் செலவுக்கு ஒரு மாதத்துக்கு மேல்கூட வட்டியில்லாத் தவணை கிடைக்கும். ரொக்கத்துக்கு ஒருநாள்கூடக் கிடையாது, எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும். தம்பியின் பில்லை டீக்கடைக் காகிதத்தில் பிரித்து எழுதினோம். ரொக்கக் கட்டணம் இரண்டரை சதவீதம், 500 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., 90. வெளிநாட்டு நாணயத்தில் போனதால் மூன்றரை சதவீதம், 700. அதற்கும் ஜி.எஸ்.டி., 126. முப்பது நாள் வட்டி 750, அந்த வட்டிக்கும் ஜி.எஸ்.டி., 135. ஆக 2,301 ரூபாய். ஒரு பந்துகூட வீசப்படாவிட்டாலும் இந்தத் தொகை போயிருக்கும். பந்தயத்தில் பத்து சதவீதம் ஜெயித்திருந்தாலும் நஷ்டம்தான்.

வட்டி விகிதத்தைப் பில்லில் மாதத்துக்கு 3.75 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது தம்பிக்கு ஒன்றும் தோன்றவில்லை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னேன்: நூத்துக்கு மூணே முக்கால் வட்டி. அவர் முகம் மாறிவிட்டது. நூத்துக்கு ரெண்டு வட்டிக்கே யோசித்து வாங்குகிற ஊர் இது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 45 சதவீதம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தமிழ்நாடு 2003இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அது வங்கிகளுக்கானதல்ல. கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டினால் அநியாய வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அதை ரத்து செய்துவிட்டது. இன்று அந்த உச்சவரம்பு இல்லை.

அதே 2003இல்தான் தமிழ்நாட்டில் லாட்டரியும் நின்றது. கேரளத்தில் 1967 முதல் அரசே நடத்துவதால், நம் பக்கத்து ஆட்கள் சீட்டு வாங்கக் குமுளி ஏறுவது இன்றும் உண்டு. அதை நான் நல்லதென்று சொல்லமாட்டேன். ஆனால் மலையேறிப் போகிறவர் சட்டைப் பையில் இருக்கிற காசுக்குத்தான் வாங்குகிறார். பை காலியானால் பஸ் பிடித்து இறங்கிவிடுவார். கார்டில் ஆடுகிறவருக்குப் பையே இல்லை. அவர் தோற்பது இன்னும் சம்பாதிக்காத காசு. பிரிட்டன் 2020 ஏப்ரல் 14 முதல் கிரெடிட் கார்டில் சூதாடுவதையே தடை செய்ததற்கும், ஆஸ்திரேலியா 2024 ஜூன் 11 முதல் இணையப் பந்தயத்துக்குக் கிரெடிட் கார்டை நிறுத்தியதற்கும் காரணம் இதுதான். கட்டணத்தைக் கூட்டிப் பார்ப்பதைவிட அதுதான் சரி என்பது என் எண்ணம்.

இந்தியா முதலில் கட்டணத்தைத்தான் கூட்டியது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ரம்மி, ஃபேன்டசி கிரிக்கெட் போன்ற இணைய விளையாட்டுகளில் செலவழித்தால் ஒரு சதவீதம், மாதத்துக்கு அதிகபட்சம் 4,999 ரூபாய் என்று எச்.டி.எஃப்.சி. வங்கி 2025 ஜூலை 1 முதல் கொண்டுவந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடுக்கும் மத்தியச் சட்டத்துக்கு ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அவற்றுக்குப் பணம் செலுத்த வழிசெய்து கொடுப்பவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம்.

தமிழ்நாடு இந்த ஆட்டங்களுக்கு எதிராக முன்பே போராடிய மாநிலம். உயிர்கள் போனபின் நீதிபதி சந்துரு குழு அமைந்தது, 2022இல் சட்ட மசோதா வந்தது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடையிலிருந்து விடுவித்தது.

"அப்ப நான் ஆடினது குத்தமாண்ணே?" என்றார் தம்பி. மறைக்காமல் சொன்னேன். மத்தியச் சட்டம் ஆடியவரைத் தண்டிப்பதில்லை. தமிழகச் சட்டத்தில் சூதாடியவருக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. லாட்டரி, பந்தயம் போன்றவற்றுக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பவும் அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. ஆட்டம் சட்டவிரோதம் என்பதால் கார்டுக் கடன் தள்ளுபடியாகாது. அந்தக் கடன் வங்கிக்கும் அவருக்கும் இடையிலானது.

அவர் செய்ய நினைத்திருந்தது குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது. அங்கேதான் அவர் கையைப் பிடித்தேன். 22,301 ரூபாய்க்கு ஐந்து சதவீதம் என்றால் சுமார் 1,115. அடுத்த மாத வட்டியும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே 980க்கு மேல் வரும். அசலில் குறைவது நூற்றுச் சொச்சம். அதோடு, பாக்கி நிற்கிறவரை அதே கார்டில் போடும் பெட்ரோலுக்கும் மருந்துக்கும் வட்டியில்லாத் தவணை போய்விடும்.

ரொக்க வட்டி நாள் கணக்கில் ஓடுவதால் பில் தேதி வரை காத்திருக்க வேண்டாம், கையில் வந்ததை வந்த அன்றே கட்டுங்கள் என்றேன். மொத்தமாக அடைக்கக் கூட்டுறவுச் சங்கத்திலோ அரசு வங்கியிலோ நகைக்கடன் வாங்கினாலும் தவறில்லை, வட்டி இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பிறகு அங்கேயே கார்டு செயலியைத் திறந்து வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்தோம். ரிசர்வ் வங்கி 2020 முதல் அந்தப் பொத்தானைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ரொக்க வரம்பைப் பூஜ்யமாக்கச் சொல்லி வங்கிக்கும் பேசினோம்.

எழுந்தபோது, "வீட்டுல சொல்லணுமாண்ணே?" என்றார். சொல்லத்தான் வேண்டும் என்றேன். இந்தக் கடனில் மனிதர்களை முடித்துவிடுவது பெரும்பாலும் தொகை அல்ல, அதை ஒளித்துவைத்த மாதங்கள். வீட்டில் வாய் வராவிட்டால் முதலில் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.