உயில் எழுதிவிட்டு பஸ் ஏறினார்கள்!

பஸ் ஏறுவதற்கு முன்னால் நாமெல்லாம் என்ன செய்வோம்? சில்லறை இருக்கிறதா என்று பாக்கெட்டைத் தடவிப் பார்ப்போம். 1961 மே மாதம், அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து மாணவர்கள் சிலர் பஸ் ஏறுமுன் செய்த காரியம்... உயில் எழுதியது!

அவர்களை அனுப்பிவைத்தவர் டயான் நாஷ். வயசு 23. சிகாகோவில் பிறந்து, நாஷ்வில்லில் உள்ள ஃபிஸ்க் யுனிவர்சிட்டிக்குப் படிக்க வந்த கறுப்பினப் பெண்.

விஷயம் இதுதான். மாநிலம் விட்டு மாநிலம் போகிற பஸ் பயணத்தில் நிறம் பார்க்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. தென் மாநிலங்கள் காதிலேயே வாங்கவில்லை. 'சேர்ந்தே உட்கார்ந்து போய்த்தான் பார்ப்போமே' என்று கறுப்பரும் வெள்ளையருமாக ஒரு குழு, மே 4-ம் தேதி வாஷிங்டனில் கிளம்பியது. மே 14 அன்று அலபாமாவில் ஒரு பஸ்ஸைக் கொளுத்தினார்கள். இன்னொரு பஸ்ஸில் வந்தவர்களுக்கு சரமாரியாக அடி, உதை. பயணம் நின்றது.

'அடித்தால் நின்றுவிடுவார்கள் என்று ஆகிவிட்டால், இனி எதற்கெடுத்தாலும் அடிதான்' - இது டயானின் கணக்கு. நாஷ்வில் மாணவர்களைத் திரட்டினார். மந்திரி ராபர்ட் கென்னடியின் உதவியாளர் ஜான் ஸீகன்தாலர் பதறிப்போய் போன் பண்ணினார். 'யாராவது செத்துப்போவாங்கம்மா' என்று கெஞ்சினார். டயான் அமைதியாகச் சொன்ன பதில்: நேத்து ராத்திரியே எல்லாரும் உயில்ல கையெழுத்துப் போட்டாச்சு, சார்!

பிறவியிலேயே தைரியசாலியோ? அதுதான் இல்லை! 1960-ல் ஓட்டல் போராட்டம் ஆரம்பித்தபோது, வகுப்பில் உட்கார்ந்திருக்கையில் பயத்தில் உள்ளங்கை வியர்த்துவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

தைரியத்துக்கு ட்யூஷன் எடுத்தவர் ஜேம்ஸ் லாசன். நாக்பூரில் சில வருடம் தங்கி, காந்தியின் சத்தியாக்கிரகத்தைப் படித்துவிட்டுப் போனவர். அவருடைய வகுப்பில் பாதிப் பேர் ரௌடி வேஷம். திட்டுவார்கள், தள்ளுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள். மீதிப் பேர் கை ஓங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். (ஆபீஸில் மேனேஜர் லேசாக முறைத்தாலே நமக்கு பி.பி. எகிறுகிறது!)

அந்த ஒத்திகைதான் கைகொடுத்தது. பெரிய கடைகளில் கறுப்பர்கள் துணிமணி வாங்கலாம்; அங்கேயே இருக்கும் சாப்பாட்டு கவுன்டரில் மட்டும் உட்காரக்கூடாது. 1960 பிப்ரவரியில் மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். அடித்தார்கள், திருப்பி அடிக்கவில்லை. ஜெயிலில் போட்டார்கள், அபராதம் கட்ட மறுத்தார்கள். ஏப்ரல் 19 அன்று இவர்களுடைய வக்கீல் வீட்டில் குண்டு வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாக நகர மன்றத்துக்கே போனார்கள். நிறத்தைப் பார்த்து ஒதுக்குவது நியாயமா என்று டயான் நேருக்கு நேர் கேட்க, 'தப்புதான்' என்று ஒப்புக்கொண்டார் மேயர் பென் வெஸ்ட். மே 10 அன்று அந்தக் கவுன்டர்களில் கறுப்பர்களுக்குச் சாப்பாடு வந்தது!

அடுத்த வருடம் அதே பயிற்சியோடுதான் பஸ் ஏறினார்கள். மான்ட்கோமரியில் கும்பல் பாய்ந்தபோது, காப்பாற்றப் போன ஸீகன்தாலருக்கே மண்டையில் அடி விழுந்து மயக்கம்! ஆனாலும் பஸ்கள் நிற்கவில்லை. அந்தக் கோடையில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். 1961 நவம்பர் 1 முதல் பஸ் ஸ்டாண்டுகளில் 'வெள்ளையர்', 'கறுப்பர்' போர்டுகளை எடுத்தே ஆகவேண்டும் என்று அரசு உத்தரவு வந்தது.

2022-ல் டயானுக்கு அமெரிக்க ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. உள்ளங்கை வியர்த்த பெண்ணுக்கு நாட்டின் மிக உயர்ந்த சிவிலியன் விருது!