புதுச் செருப்பு கடிக்கும்! புதுப் போன் திணறும்!

வெள்ளிக்கிழமை என்றால் ஒடுகத்தூரில் ஆட்டுச் சந்தை. வேலூர் மாவட்டத்தில் பெயர் பெற்ற சந்தை இது. சுற்று வட்டாரக் கிராமங்களில் இருந்து ஆடுகள் வந்து இறங்கும். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். முதுகைத் தடவிப் பார்ப்பார்கள். பிறகு பேரம் நடக்கும். முன்பெல்லாம் மடியில் கட்டிய நோட்டுதான் கை மாறும். இப்போது செல்போன் வழியாகவும் பணம் போகிறது.

அங்கே ஒருவர் புதுப் போனோடு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முந்தின நாள்தான் வாங்கினார். ஆடு பேசி முடித்தாகிவிட்டது. பணம் அனுப்பப் போனை எடுக்கிறார். திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிறது... சுற்றிக்கொண்டே இருக்கிறது!

"இன்னாண்ணே, புதுப் போனுன்னு சொன்னீங்க?" என்று கேட்கிறார் ஆட்டுக்காரர்.

"அதாம்பா எனக்கும் புரியல. பழசே தேவலை போலக் கீது!"

"பழசே தேவலை" என்ற இந்தப் பேச்சு சந்தையில் மட்டும் கேட்பதல்ல. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் மாதத் தவணையில் போன் வாங்குகிறாள். தம்பியின் படிப்பும் அதில்தான். வீட்டுக்குப் பணம் அனுப்புவதும் அதில்தான். அந்தப் போன் இரண்டாம் நாளே ஆமை போல நகர்ந்தால் எப்படி இருக்கும்? வயிறு எரியாதா? "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று வீடே பேசத் தொடங்கிவிடும்.

கொஞ்சம் பொறுங்கள்! பெரும்பாலும் அது ஏமாற்றும் அல்ல, கோளாறும் அல்ல. புதுத் தோல் செருப்பு முதல் நாலு நாள் காலைக் கடிக்கும். தோல் தொழில் நடக்கும் இந்த வட்டாரத்தில் அது எல்லோருக்கும் தெரியும். அதற்காகச் செருப்பை யாரும் தூக்கி எறிவதில்லை. புதுப் போன் சங்கதியும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

குடி வந்த வீடு

புது வீட்டுக்குக் குடி போகிறோம். வண்டியில் இருந்து சாமான்களை இறக்கியாகிவிட்டது. அன்று இரவே உப்பு எங்கே, தீப்பெட்டி எங்கே என்று கேட்டால் உடனே எடுத்துத் தர முடியுமா? மூட்டையை அவிழ்க்க வேண்டும். அடுக்க வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும்.

பழைய போனில் இருந்ததைப் புதுப் போனுக்கு மாற்றும்போதும் இதுவே நடக்கிறது. செயலிகள் எல்லாம் மறுபடியும் இறங்க வேண்டும். புதுப் போனுக்கு ஏற்றபடி அவை தயாராக வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களைப் போன் ஒவ்வொன்றாகப் பார்த்து, யார் முகம் எதில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். கம்பெனியில் இருந்து வரும் திருத்தங்களும் அதே சமயத்தில் வந்து சேரும். இவ்வளவும் திரைக்குப் பின்னால் நடக்கிறது. நாம் தொடும்போது போன் திணறுவதில் ஆச்சரியம் என்ன?

2023-ஆம் ஆண்டு உலகமே பேசிய ஒரு சம்பவம் உண்டு. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனி ஐபோன் 15 புரோ என்ற விலை உயர்ந்த போனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. வாங்கியவர்கள் "போன் கொதிக்கிறது" என்று புகார் செய்தார்கள். கம்பெனி 3 காரணங்களைச் சொன்னது. ஒன்று, புதிதாக அமைத்த முதல் சில நாட்களில் திரைக்குப் பின்னால் வேலை அதிகமாக நடப்பது. இரண்டு, போனை இயக்கும் மென்பொருளில் இருந்த ஒரு பிழை. மூன்று, சில செயலிகள் போனுக்கு அளவுக்கு மீறி வேலை வைத்தது. அக்டோபர் மாதத் தொடக்கத்திலேயே திருத்தம் வந்துவிட்டது. லட்ச ரூபாய்ப் போனுக்கே அந்தக் கதி என்றால், பத்தாயிரம் ரூபாய்ப் போன் என்ன செய்யும்?

ஆகவே முதல் வேலை இதுதான். இரவில் போனைச் சார்ஜில் போட்டு, வைபை இருந்தால் அதில் இணைத்து, தொடாமல் விட்டுவிடுங்கள். பின்னணி வேலைகளில் பலவற்றைப் போன் அந்த நேரத்தில்தான் முடித்துக்கொள்கிறது. காலையில் ஒரு முறை அணைத்துப் போடுங்கள். செட்டிங்சில் திருத்தம் ஏதாவது காத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்த பிறகு தீர்ப்புச் சொல்லலாம்.

"குட் மார்னிங்" மூட்டை

மூன்று நாள் ஆகியும் மந்தம் தீரவில்லையா? பழைய போனில் இருந்து எதையெல்லாம் தூக்கி வந்தோம் என்று பார்க்க வேண்டும்.

2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை ஒரு வேடிக்கையான செய்தியை வெளியிட்டது. இந்தியாவில் போன்கள் ஏன் அடைத்துக்கொள்கின்றன என்று கூகுள் நிபுணர்கள் ஆராய்ந்தார்களாம். கண்டுபிடித்தது என்ன தெரியுமா? காலை வணக்கப் படங்கள்! பூ, குழந்தை, உதய சூரியன், மேலே "குட் மார்னிங்" என்ற எழுத்து. கோடிக்கணக்கில் இவை பறந்துகொண்டிருந்தன. ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் இந்தியர்களில் மூன்றில் ஒருவருக்குத் தினமும் போனில் இடம் தீர்ந்துபோகிறது என்றும் அந்தச் செய்தி சொன்னது. அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்குத்தான் அந்தக் கஷ்டம்.

அந்தக் குப்பையையும் மூட்டை கட்டிப் புதுப் போனில் இறக்கினால், அது முதல் நாளே கிழப் போன் ஆகிவிடும்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். அதில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்று ஒன்று இருக்கும். எந்தக் குழுவில் இருந்து எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று அது கணக்குக் காட்டும். வேண்டாத வீடியோக்களை அங்கேயே நீக்கலாம். படங்கள் தானாக இறங்குவதையும் அங்கேயே நிறுத்தலாம்.

பழைய போனில் 60 செயலிகள் இருந்தன என்பதற்காகப் புதிதிலும் 60 வேண்டுமா? ஆறு மாதமாகத் தொடாத செயலியை நீக்கிவிடுங்கள். வேண்டுமானால் மறுபடியும் இறக்கிக்கொள்ளலாம்.

குடோனும் மேஜையும்

"128 ஜிபி போன்" என்று கடையில் சொல்கிறார்கள். "4 ஜிபி ராம்" என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஷூ கம்பெனியை நினைத்துப் பாருங்கள். குடோனில் ஆயிரம் தோல் அடுக்கியிருக்கலாம். வெட்டுகிற மேஜை மீது சிலவற்றைத்தான் விரிக்க முடியும். 128 ஜிபி என்பது குடோன். ராம் என்பது மேஜை. குடோன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் மேஜை சிறியதானால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். குடோன் நிரம்பி வழிந்தாலும் மெதுவாகும்; நடக்க வழி வேண்டாமா? ஆகவே போனின் இடத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்.

"4 + 4 ஜிபி" என்று விளம்பரம் செய்கிறார்களே, அதில் இரண்டாவது 4 உண்மையான ராம் அல்ல. குடோனில் ஒரு மூலையை மேஜை போலப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. உண்மையான மேஜையின் வேகம் அதற்கு வராது. வாங்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சூடு கண்டால் சோர்வு

கோடையில் வேலூர் வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும். ஆப்பிள் கம்பெனி தன் போன்களை 0 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தும்படி சொல்கிறது. சூடு ஏறினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

சில சமயம் கம்பெனியே வேகத்தைக் கட்டிப்போடுவதும் உண்டு. 2022-இல் சாம்சங் கேலக்ஸி எஸ் 22 போன்கள் வெளிவந்தன. சூட்டைக் கட்டுப்படுத்த அவற்றில் வைத்திருந்த ஒரு மென்பொருள், விளையாட்டுச் செயலிகளின் வேகத்தைக் குறைத்தது. வாங்கியவர்கள் கொதித்து எழுந்தார்கள். கம்பெனி மார்ச் மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. வேண்டியவர்கள் முழு வேகத்தில் பயன்படுத்த வழி செய்து திருத்தமும் கொடுத்தது.

வெயிலில் வண்டியின் மீது போனை வைக்காதீர்கள். சார்ஜில் போட்டுக்கொண்டே விளையாடாதீர்கள். தடித்த உறை போட்டிருந்தால், சார்ஜ் ஏறும்போது கழற்றி வையுங்கள்.

போனா? சிக்னலா?

மலையடிவாரத்து ஊர்களில் இன்னொரு குழப்பம் உண்டு. சிக்னல் மெதுவாக இருக்கும். பழி போன் மீது விழும்! கண்டுபிடிப்பது சுலபம். ஏரோபிளேன் மோடைப் போடுங்கள். இப்போது போனில் உள்ள படங்களைத் திறந்து பாருங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சட்டென்று வேலை செய்கிறதா? அப்படியானால் போன் மீது குற்றம் இல்லை. சிக்னல்தான் மந்தம். 5ஜி அரைகுறையாக வரும் இடத்தில் 4ஜிக்கு மாற்றி வைத்தால் பல சமயம் சீராகும்.

சந்தைக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். புதுப் போனில் யூபிஐ செயலியைப் பதிந்த முதல் 24 மணி நேரத்துக்கு, பல வங்கிகள் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடுவதில்லை. திருடர்களைத் தடுக்கும் ஏற்பாடு அது. வியாழக்கிழமை போன் மாற்றினால், வெள்ளிக்கிழமை சந்தைக்குக் கையில் நோட்டும் கொண்டு போங்கள்.

சிக்னலும் சரி, இடமும் இருக்கிறது, ஆனாலும் மந்தமா? சேஃப் மோட் என்று ஒரு வழி உண்டு. அதில் நாம் இறக்கிய செயலிகள் எதுவும் வேலை செய்யாது. அப்போது போன் வேகமாக ஓடினால், நாம் இறக்கிய செயலிகளில் ஒன்றுதான் குற்றவாளி. கடைசியாக இறக்கியதில் இருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்.

ஜாக்கிரதை!

போன் மந்தம் என்றால் நேரம்தான் போகும். அவசரப்பட்டால் பணமும் போகும்!

"உங்கள் போனில் வைரஸ்! இதை இறக்கினால் வேகம் இரட்டிப்பாகும்!" என்று திரையில் விளம்பரம் பாயும். தொடாதீர்கள். சுத்தம் செய்வதாகச் சொல்லும் செயலிகளில் பல, தாமே குப்பையாக உட்கார்ந்துகொள்கின்றன.

"கம்பெனியில் இருந்து பேசுகிறோம். ஒரு செயலியை இறக்குங்கள். நாங்கள் இங்கிருந்தே சரி செய்கிறோம்" என்று யாராவது கூப்பிட்டால் உடனே வைத்துவிடுங்கள். அந்தச் செயலி உங்கள் திரையை அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும். எனிடெஸ்க் என்ற செயலியை மோசடிக்காரர்கள் இப்படிப் பயன்படுத்துவதாக ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. பணம் பறிபோனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

கடைசி வழி

எல்லாம் செய்தும் பயன் இல்லை என்றால், போனை முழுவதும் அழித்துப் புதிதாகத் தொடங்கலாம். ஆனால் அதற்கு முன் படங்கள், வாட்ஸ்அப் பேச்சுகள், போன் எண்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தாக வேண்டும். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டும் கையில் இருக்க வேண்டும். பல வீடுகளில் அதைப் போட்டுக் கொடுத்தது சென்னையில் இருக்கும் மகனாகவோ, கடைக்காரப் பையனாகவோ இருக்கும். அழித்த பிறகு போன் அதையே கேட்டால் என்ன செய்வது? முதலில் கேட்டு, நோட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

அழித்த பிறகு ஒரு செயலியும் இல்லாமலே போன் திணறினால், அது கோளாறுதான். பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மாற்றிக் கொடுக்கும் நாட்கள் கடைக்குக் கடை வேறுபடும்; பில்லைப் படித்துப் பாருங்கள். கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

அதுவரை பழைய போனை விற்றுவிடாதீர்கள். ஒரு வாரமாவது வீட்டில் இருக்கட்டும். படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தனவா? வங்கிச் செயலி வேலை செய்கிறதா? பிள்ளையின் பாடங்கள் திறக்கின்றனவா? எல்லாம் சரி என்று பார்த்த பிறகு, உள்ளே இருப்பதை அடியோடு அழித்துவிட்டு விற்கலாம். விற்க மனம் வரவில்லையா? தாத்தாவிடம் கொடுங்கள். பேசவும் பாட்டுக் கேட்கவும் அது இன்னும் சில காலம் உழைக்கும்.