விடுமுறை உதைபந்தாட்ட முகாம்: பிள்ளையைச் சேர்க்க முன் பெற்றார் கேட்க வேண்டியவை

பாடசாலை விடுமுறை நெருங்கும்போது எமது வட்ஸ்அப் குழுமங்களில் இரண்டு வகையான அறிவித்தல்கள் வரத் தொடங்கிவிடும். ஒன்று விசேட டியூஷன் வகுப்புகள். மற்றையது உதைபந்தாட்டப் பயிற்சி முகாம்கள். பெயர்பெற்ற கல்லூரி ஒன்றின் அணியும் அதன் பழைய மாணவர்களும் சேர்ந்து, சிறிய வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து நாட்களோ பத்து நாட்களோ மைதானத்தில் பயிற்சி அளிப்பார்கள். ஒரு கட்டணம், ஒரு ரீ-சேர்ட், இறுதி நாளில் ஒரு சான்றிதழ். கொழும்பு ஸாஹிரா, ஹமீத் அல் ஹுஸைனி போன்ற கல்லூரிகள் உதைபந்தாட்டத்தில் ஈட்டிய பெயரைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, கல்லூரி ஜேர்ஸி அணிந்த ஒரு நானா பக்கத்தில் நின்று பந்தை உதைக்கக் காட்டித் தருவதே பெரிய விடயம்.

நான் ஒரு பாடசாலை ஆசிரியன். விடுமுறைக் காலங்களில் எமது பாடசாலைப் பிள்ளைகளை இவ்வாறான முகாம்களுக்குக் கூட்டிச் சென்று வருகிறேன். பிள்ளைகளின் பெயரைப் பதிய வரும் பெற்றார் என்னிடம் பெரும்பாலும் மூன்று கேள்விகளையே கேட்கிறார்கள். எவ்வளவு காசு? எத்தனை மணிக்கு முடியும்? மகன் டீமுக்கு எடுபடுவானா?

மூன்றாவது கேள்விதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பத்து வயதுப் பிள்ளை முகாமுக்குப் போவது எடுபடுவதற்காக அல்ல, விளையாடுவதற்காக. இந்த வேறுபாட்டை ஏற்பாட்டாளர்களும் பெற்றாரும் விளங்கிக்கொள்ளாத இடங்களில் முகாம் பிள்ளைக்கு நன்மையை விடத் தீமையையே செய்கிறது.

தெரிவு வேறு, முகாம் வேறு

நாங்கள் போன முகாம் ஒன்றில் இரண்டாம் நாளே பிள்ளைகளை 'ஏ', 'பீ' என்று பிரித்துவிட்டார்கள். 'ஏ' குழுவுக்குப் பிரதான பயிற்றுவிப்பாளர். 'பீ' குழுவுக்கு உயர்தர மாணவன் ஒருவனும் காற்றுப்போன இரண்டு பந்துகளும். திரும்பி வரும் பஸ்ஸில் 'பீ' குழுவில் இருந்த தரம் ஐந்து மாணவன் ஒருவன் சொன்னான்: "சேர், நான் நாளைக்கு வரல்ல. எனக்கு ஃபுட்போல் வராதாம்."

அன்றிரவு பெயர்ப்பட்டியலை எடுத்துப் பிறந்த திகதிகளைப் பார்த்தேன். 'ஏ' குழுவுக்குப் போன எமது பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்கள். அந்தப் பையன் டிசம்பரில் பிறந்தவன்.

இது தற்செயல் அல்ல. வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 எல்லையாக இருந்தால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் விளையாடுவார்கள். ஆனால் அவர்களிடையே பதினொரு மாத வளர்ச்சி வித்தியாசம் இருக்கும். பத்து வயதில் அது பெரிய வித்தியாசம். மூத்தவன் உயரமாக இருப்பான், வேகமாக ஓடுவான், பந்தைத் தூரத்துக்கு அடிப்பான். பார்ப்பவருக்கு அது திறமையாகவே தெரியும். கனடாவின் ஹொக்கி வீரர்களிடையே ஆண்டின் ஆரம்ப மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி அதிகமாக இருப்பதை றொஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1985 இல் எடுத்துக்காட்டினார்கள். அதன் பின்னர் பல நாடுகளின் இளையோர் உதைபந்தாட்டத்திலும் இதே போக்கு அவதானிக்கப்பட்டுள்ளது.

நடப்பது இதுதான். மூத்தவன் தெரிவாகிறான். தெரிவானவனுக்கு நல்ல பயிற்றுவிப்பாளரும் கூடுதல் ஆட்டங்களும் கிடைக்கின்றன, அதனால் அவன் உண்மையிலேயே திறமையானவனாகிறான். இளையவன் பத்து வயதிலேயே வீட்டுக்குப் போய்விடுகிறான். பதினாறு வயதில் அவன் எப்படி விளையாடியிருப்பான் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

எனவே முதலாவது கேள்வி: இந்த முகாமில் பிள்ளைகளைப் பிரிப்பீர்களா? பிரித்தால் எதை வைத்து? உடல் அளவுக்கேற்ப, அன்றன்றைய பயிற்சிக்காகப் பிரிப்பது நல்லது. அணிக்கு ஆள் எடுப்பதற்காகப் பிரிப்பது என்றால் அதைத் தெரிவு என்று சொல்லி வேறொரு நாளில் வைத்துக்கொள்ளட்டும்.

பந்து எத்தனை முறை காலுக்கு வரும்?

நாற்பது பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, கூம்புகளுக்கிடையே ஒவ்வொருவராகப் பந்தைக் கொண்டுபோகச் சொல்லும் பயிற்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒருவருக்கு 15 விநாடி என்றால் மறுபடி தன் முறை வர 10 நிமிடம் ஆகும். ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு பிள்ளைக்கு 9 தடவை. மற்ற நேரமெல்லாம் வெயிலில் நின்று முன்னால் இருப்பவனைத் தள்ளிக்கொண்டிருப்பதுதான் பயிற்சி.

அதே நாற்பது பேரை நான்குக்கு நான்கு என்று பிரித்து, சிறிய ஐந்து களங்களில் ஐந்து பந்துகளைப் போட்டுவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் விளையாடுவார்கள். பந்தும் அடிக்கடி காலுக்கு வரும். சின்னப் பிள்ளைகளை முழு மைதானத்தில் பதினொருவராக விளையாட விடாமல், சிறு அணிகளிலிருந்து படிப்படியாக உயர்த்தும் முறையை இங்கிலாந்து உட்பட பல நாடுகள் பின்பற்றுவதற்கு இதுவே காரணம்.

பந்தின் அளவையும் பாருங்கள். 5 ஆம் இலக்கப் பந்து பெரியவர்களுக்கானது. எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு 4 ஆம் இலக்கம், அதற்குச் சிறியவர்களுக்கு 3 ஆம் இலக்கம் பொருத்தமானது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பெரிய பந்தைக் கொடுத்துவிட்டு "காலில் பலம் இல்லை" என்று சொல்வது நியாயமில்லை.

இரண்டாவது கேள்வி: எத்தனை பிள்ளைகள், எத்தனை பயிற்றுவிப்பாளர்கள், எத்தனை பந்துகள்?

வெயிலும் இடியும்

எமது காலநிலையில் காலை ஒன்பதரை மணிக்குப் பிறகும் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பும் சிறுவர்களை மைதானத்தில் ஓடவிடுவது புத்தியல்ல. எனது அனுபவத்தில் காலை ஆறரை முதல் ஒன்பது வரை அல்லது அஸர் தொழுதுவிட்டு மஃரிபுக்கு முன் முடிக்கும் நேர அட்டவணைதான் சரிவரும். தொழுகையும் தவறாது, வெயிலும் படாது. இரண்டையும் நினைத்துப் பார்த்து நேரத்தைப் போட்டிருக்கும் ஏற்பாட்டாளர் மற்ற விடயங்களையும் யோசித்திருப்பார் என்று நம்பலாம்.

விளையாட்டு மும்முரத்தில் பிள்ளை தானாக வந்து தண்ணீர் குடிக்காது. ஆகவே பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விளையாட்டை நிறுத்தி எல்லோரையும் குடிக்கவைக்க வேண்டும். 2014 உலகக் கிண்ணப் போட்டிகளில் கடும் வெப்பத்தின்போது தேர்ந்த வீரர்களுக்கே இடைநிறுத்தம் கொடுக்கப்பட்டது. எமது பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்! தலைவலி, தலைச்சுற்று, வாந்தி வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து தண்ணீரோ ஜீவனியோ கொடுக்க வேண்டும். பிள்ளை குழப்பமாகப் பேசினால், அல்லது கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டால், அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடம்பில் தண்ணீரை ஊற்றிக் குளிர்த்திக்கொண்டே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

ஏப்ரல் விடுமுறையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பருவமழைகளுக்கு இடைப்பட்ட அந்த மாதத்தில் பிற்பகல் இடி மின்னல் எமது நாட்டில் வழமையானது. மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடிச்சத்தம் கேட்டால் உடனே மைதானத்தை விட்டு வெளியேறிக் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை திரும்பக் கூடாது. மரத்தடியில் ஒதுங்குவது மைதானத்தில் நிற்பதைப் போலவே ஆபத்தானது. "மழை வரட்டும், பார்ப்போம்" என்று சொல்லும் பயிற்றுவிப்பாளரிடம் என் பிள்ளைகளை நான் விடுவதில்லை.

தலையால் அடிக்கும் பயிற்சி

பந்தைத் தலையால் அடிக்க வைப்பதைச் சிலர் வீரமாக நினைக்கிறார்கள். அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் 2015 இல் பத்து வயதுக்கும் அதற்குக் குறைந்த வயதுக்கும் இதைத் தடைசெய்தது. 2020 பெப்ரவரியில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து சங்கங்கள் ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அதைத் தவிர்க்கும்படி வழிகாட்டல் வெளியிட்டன. வளர்ந்துவரும் மூளையில் மீண்டும் மீண்டும் அதிர்ச்சி படுவதைத் தவிர்ப்பதே நோக்கம். தலையில் அடிபட்ட பிள்ளை "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் அன்று மறுபடி விளையாடக் கூடாது.

கேட்கத் தயங்கும் கேள்வி

பயிற்றுவிப்பாளர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள். அதனால்தான் இதைக் கேட்க எமக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்க வேண்டும். உடை மாற்றும் இடத்தில் யார் இருப்பார்கள்? ஒரு பிள்ளையுடன் ஒரு பெரியவர் தனித்திருக்கும் சந்தர்ப்பம் வருமா? பிள்ளையைத் திரும்ப யாரிடம் ஒப்படைப்பார்கள்? பிள்ளைக்கு நேரடியாகத் தொலைபேசிச் செய்தி அனுப்பப்படுமா, பெற்றாருக்கு அனுப்பப்படுமா?

நல்ல முகாம் இந்தக் கேள்விகளால் கோபப்படாது. "எங்களையே சந்தேகப்படுகிறீர்களா?" என்று கேட்பவரிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஏதாவது நடந்ததாகப் பிள்ளை சொன்னால் ஊரின் மானம், கல்லூரியின் பெயர் என்று மூடி மறைக்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் அதற்காகவே இருக்கிறது.

பெண் பிள்ளைகளும் பந்தும்

பதியும்போது "தங்கச்சியும் வரலாமா, சேர்?" என்று கேட்கும் பையன்கள் உண்டு. பெண் பயிற்றுவிப்பாளருடன், தனியான நேரத்தில், பொருத்தமான உடையுடன் ஏன் முடியாது? ஹிஜாப் காரணமாக 2011 இல் ஈரான் பெண்கள் அணி ஒலிம்பிக் தகுதிகாண் போட்டியில் விளையாட முடியாமல் போனது. விதிமுறை 2012 இல் பரீட்சார்த்தமாகத் தளர்த்தப்பட்டு, 2014 இல் தலைமறைப்பு முறையாக அனுமதிக்கப்பட்டது. 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்ஸினா ஹிஜாபுடன் விளையாடினார். உலகம் திறந்த கதவை நாம் மூடி வைத்திருக்கத் தேவையில்லை. நபி (ஸல்) அவர்கள் ஆஇஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப் போட்டி வைத்த செய்தியைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வந்த சமூகம் நாம்.

டியூஷனா, மைதானமா?

தரம் ஐந்தில் புலமைப்பரிசில், தரம் பத்து, பதினொன்றில் சாதாரண தரம். இந்த இரண்டு பரீட்சைகளும் எமது பிள்ளைகளின் கால்களைக் கட்டிவிடுகின்றன. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலுழைப்புள்ள செயற்பாட்டில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் பரிந்துரை. காலையில் பாடசாலை, பின்னேரம் டியூஷன், இரவில் தொலைபேசி என்று வாழும் பிள்ளைக்கு அந்த 60 நிமிடம் எங்கே இருக்கிறது? முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை கிடைப்பதால் மற்ற விடுமுறைகளில் பாடத்தை ஈடுசெய்ய வேண்டும் என்ற அவசரம் வேறு. நான் படிப்பிப்பவன், படிப்பின் அருமை எனக்குத் தெரியும். ஓடி விளையாடிவிட்டு வந்த பிள்ளை வகுப்பில் உட்காரும் விதமும் எனக்குத் தெரியும்.

ஏற்பாட்டாளர்களான பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்குச் சில இடங்களை ஒதுக்குங்கள், அது யார் என்று மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல். சப்பாத்து இல்லாத பிள்ளைக்குப் பழைய சப்பாத்து ஒன்றைத் தேடிக் கொடுங்கள். கடைசி நாளில் 'சிறந்த வீரர்' கிண்ணம் ஒன்றுக்குப் பதிலாக எல்லோருக்கும் ஒரு பந்தைக் கொடுக்க முடிந்தால் அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

பெற்றாரிடம் ஒன்று. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "கோல் போட்டியா? எடுபட்டியா?" என்று கேட்காதீர்கள். "நாளைக்கும் போறியா?" என்று கேளுங்கள். ஓம் என்று பதில் வந்தால் நீங்கள் கட்டிய காசு வீணாகவில்லை.