வைத்தியசாலை வைத்தியரால் மட்டும் இயங்குவதில்லை

க.பொ.த உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும், உயிரியல் பிரிவில் கற்ற பிள்ளைகள் உள்ள தமிழ், முஸ்லிம் இல்லங்களில் ஒரே கேள்வியே எழுகின்றது. மருத்துவ பீடம் கிடைக்குமா என்பதே அது. கிடைத்த வீட்டில் கொண்டாட்டமும் கிடைக்காத வீட்டில் துக்கமும் குடிகொள்கின்றன. சுகாதாரத்துறையில் வேறு பல துறைகள் இருப்பதும், அவற்றுக்கு எமது பிள்ளைகள் போதியளவில் முன்வராமையினால் எமது பிரதேச வைத்தியசாலைகளே பாதிக்கப்படுவதும் உரிய கவனத்தைப் பெறவில்லை.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி எமது இலவச சுகாதார சேவையை ஆட்டங்காணச் செய்தது. ரூபாவின் பெறுமதி சரிந்தது. மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நிலவியது. அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அதே ஆண்டில் அனுமதிக்கப்பட்டது. வைத்தியர்களும் தாதியர்களும் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, வளைகுடா நாடுகள் எனப் புறப்பட்டனர். ஒரேயொரு மயக்கமருந்து நிபுணரைக் கொண்ட ஆதார வைத்தியசாலையில் அவர் வெளியேறினால், சத்திரசிகிச்சைக் கூடமே செயலிழந்து விடுகின்றது. ஆயினும், வைத்தியர்களின் வெளியேற்றத்தைப் பற்றிப் பேசுமளவுக்கு ஏனைய ஆளணியினரின் பற்றாக்குறை பற்றி நாம் பேசுவதில்லை.

டெங்கு நோயை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் தணியும் வேளையிலேயே சில நோயாளர்களுக்கு இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குகின்றது. இதனை உரிய நேரத்தில் அறிவதற்கு இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, வெளியேறும் சிறுநீரின் அளவு என்பவற்றைத் தாதி உத்தியோகத்தர் இரவு பகலாகப் பதிவு செய்ய வேண்டும். ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தாமதமின்றி வழங்க வேண்டும். நோயாளியின் வீட்டுச் சூழலில் நுளம்பு பெருகும் இடங்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அகற்றச் செய்ய வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், வைத்தியர் எத்துணை திறமைசாலியாயினும் உயிரைக் காப்பது கடினமாகி விடும்.

கடந்த நூற்றாண்டு இதற்குச் சான்று பகர்கின்றது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்ட பின்னர், கிராமம் கிராமமாகக் குடும்ப நல உத்தியோகத்தர்கள் கர்ப்பிணிகளின் வீடுகளைத் தேடிச் சென்றனர். 1940 களில் ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் உயிரிழந்த நாட்டில், அந்த எண்ணிக்கை இன்று சில பத்துகளாகக் குறைந்துள்ளது. மருத்துவமனைகளின் வளர்ச்சியோடு இந்தப் பெண்களின் கால்நடைப் பயணத்துக்கும் அதில் பெரும் பங்குண்டு.

மொழி சார்ந்த பிரச்சினையும் இங்கு உண்டு. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்டது. ஆனால் நாரி உழைவையும் நெஞ்செரிவையும் தனது மொழியில் சொல்ல முடியாது தடுமாறும் முதியவரை இன்றும் வைத்தியசாலை விடுதிகளில் காணலாம். மலையகத் தோட்டங்களில் கர்ப்பிணித் தாய்க்கு ஆலோசனை கூறவேண்டியவர் தமிழறியாதவராயின் அந்த ஆலோசனையால் பயன் என்ன? வெளிமாவட்டங்களிலிருந்து வந்து அர்ப்பணிப்புடன் பணியாற்றும் சிங்கள உத்தியோகத்தர்களை நாம் குறைகூறவில்லை. அவர்கள் காலப்போக்கில் சொந்த ஊருக்கு இடமாற்றம் கோருவது இயல்பே. அந்த வெற்றிடங்களை நிரப்பவேண்டியவர்கள் எமது பிள்ளைகளே.

இதற்கான வழிகள் பல. தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகிய பட்டப்படிப்புகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டப்படிப்பு உண்டு. பேராதனையில் இவற்றுடன் இயன்மருத்துவம், கதிர்ப்படவியல் என்பனவும் கற்பிக்கப்படுகின்றன. பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதோருக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு உள்ளிட்ட இடங்களில் உள்ள அரச தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கு மூன்று வருடப் பயிற்சி கொடுப்பனவுடன் வழங்கப்படுகின்றது. இவற்றுக்கான விண்ணப்பங்கள் வர்த்தமானியில் கோரப்படும்போது எமது மாணவர்களில் பலர் அதனை அறிவதேயில்லை. பாடசாலை அதிபர்களும் பள்ளிவாசல், ஆலய பரிபாலன சபைகளும் இத்தகவலைக் கொண்டு சேர்க்கலாம்.

தாதியர் தொழில் குறித்து எமது சமூகங்களில் நிலவும் தயக்கம் களையப்பட வேண்டும். இரவுக் கடமை, திருமண வாய்ப்பு, சீருடை என்பன காரணங்களாகக் கூறப்படுகின்றன. தமது மனைவியையும் மகளையும் பெண் ஒருவரே பராமரிக்க வேண்டுமென எதிர்பார்க்கும் பெற்றோர், அப்பணிக்குத் தமது மகளை அனுப்பத் தயங்குவது முரண்பாடாகும். முஸ்லிம் பெண்களின் கலாசார ஆடை பற்றிய கேள்விகளுக்குச் சுகாதார அமைச்சு தெளிவானதும் கண்ணியமானதுமான தீர்வை வழங்க வேண்டும்.

அதேவேளை, பெற்றோர் விழிப்புடனும் இருத்தல் அவசியம். தாதியர் பயிற்சி என்ற பெயரில் பெருந்தொகை அறவிடும் சில தனியார் நிறுவனங்களின் சான்றிதழ்கள் பதிவுக்குத் தகுதியற்றவை. பணம் செலுத்து முன்னர் அக்கற்கைநெறியை இலங்கை மருத்துவ சபை அல்லது தாதியர் சபை ஏற்றுக்கொள்கின்றதா என விசாரித்தறிய வேண்டும். மருத்துவம் கற்கப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவோரும், நாடு திரும்பியதும் மருத்துவ சபையின் பதிவுக்கான பரீட்சையில் சித்தியெய்த வேண்டும் என்பதை முன்கூட்டியே கருத்திற்கொள்ள வேண்டும்.

அரசாங்கத்தின் பொறுப்பும் இதில் குறைவானதல்ல. பின்தங்கிய வலயங்களில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்து தாதியோ மருந்தாளரோ உருவாக முடியாது. பயிற்சி முடித்தோருக்கான நியமனங்கள் தாமதமாவது, அவர்களை விமான நிலையத்தை நோக்கித் தள்ளும் செயலாகும். தூரப் பிரதேசங்களில் பணிபுரிவோருக்கு விடுதி வசதியும் உயர்கல்வி வாய்ப்பும் உறுதிப்படுத்தப்பட வேண்டும்.

அடுத்த பெறுபேறுகள் வெளியாகும்போது, மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகாத பிள்ளையைத் தோல்வியடைந்தவராக நோக்காது, வேறெந்தத் துறையில் அவர் மக்களுக்குப் பணியாற்றலாம் எனப் பெற்றோரும் ஆசிரியரும் அமர்ந்து பேச வேண்டும். எமது வைத்தியசாலைகளில் எமது மொழி ஒலிப்பதற்கு அதுவே முதற்படி என்பது எமது கருத்தாகும்.